சுமை தாங்கும் திறன்

கீழ்வீட்டு காமத் அம்மாவின் கூரையில்
மயிரிழை போல் ஒரு விரிசல்.
மின்விசிறிக் கொக்கியில் புறப்பட்டு
அடுக்களை வரை போயிருக்கிறதாம்.
குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது:
மூன்றாம் மாடி, எண் ஒன்பது, செல்வி ஜெபமணி
தம் வீட்டில் வைத்திருக்கும் பளு குறித்து
எழுத்து மூலம் விளக்க வேண்டும்.

பளு.
நல்ல சொல்.
அதற்கு எத்தனை பொருள் என்று
அரை மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.
அகராதிகளே பதினேழு இருக்கின்றன.

சனிக்கிழமை பொறியாளர் தாம்லே வந்தார்.
அளவு நாடா, சின்னச் சுத்தியல், சொட்டும் குடை.
மாட்டுங்காவில் நான்கு நாளாக விடாத மழை.
குடையை எங்கே வைக்க என்றார்.
பயண நூல்கள் மேல் வேண்டாம் என்றேன்,
வரலாற்றின் மேலும்.
கடைசியில் குளியலறை வாளியில் நிறுத்தினார்.
அங்கே சன்னல் விளிம்பில் அடுக்கியிருந்த
துப்பறியும் கதைகளைக்
கண்ணியமாகப் பார்க்காமல் திரும்பினார்.

முந்நூற்று எண்பது சதுர அடி.
கட்டிலின் ஒரு கால் உடைந்த இடத்தில்
கலைக்களஞ்சியம், ஐந்து தொகுதி.
ஆறாவது அகப்படவே இல்லை,
அதனால் அந்தப் பக்கம் சற்றே தாழ்வு.
உருண்டுபோகாமல் தூங்க
எனக்குப் பழகிவிட்டது.
அரிசி டின்னில் அரிசிதான் என்றேன்.
நம்பாமல் திறந்து பார்த்தார்.

எல்லாம் படித்தாயிற்றா?

நீங்கள் கட்டிய வீடுகளிலெல்லாம்
குடியிருந்தீர்களா என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.
தட்டு ஒன்றுக்கு இருபத்திரண்டு கிலோ,
தட்டுகள் ஐம்பத்தெட்டு,
தரையில் நிற்கும் கோபுரங்கள் தனி.
ஒரு சின்ன யானை என்றார்,
மூன்றாம் மாடியில்.

வெட்கப்பட வேண்டிய இடத்தில்
எனக்குப் பெருமை வந்தது.

எப்படி ஏற்றினேன் இந்த யானையை?
கப்பல் கம்பெனியில் முப்பத்தோரு வருடம்
பிறர் கடிதங்களைத் தட்டச்சு செய்தேன்.
வெள்ளி மாலைகளில் ஃபவுண்டன் நடைபாதையில்
குந்தி உட்கார்ந்து
எனக்கு வந்தவற்றைப் பொறுக்கினேன்.
அட்டை பிய்ந்தது, யாரோ யாருக்கோ
அன்புடன் என்று எழுதிக் கொடுத்தது,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
பேருந்துச் சீட்டோடு நின்றுபோனது.
நெரிசல் லோக்கலில் மார்போடு அணைத்து வருவேன்.
பிள்ளையா என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

ஒரே நாவல் மூன்று பிரதி உண்டு:
படிக்க ஒன்று,
இரவல் கொடுக்க ஒன்று,
போனது திரும்பாதபோது
பக்கத்தில் வைத்துத் துக்கம் காக்க ஒன்று.

இருநூறு கிலோ குறையுங்கள் என்று தாம்லே எழுந்தார்.
எழுந்தவர் கை
பாலங்கள் பற்றிய ஒரு மராத்தி நூலில் நின்றது.
இதை நான் கொண்டுபோனால்
முந்நூறு கிராம் குறையும் என்றார்,
அதே பொறியாளர் முகத்தோடு.

மாவ்ஜியின் ரத்திக் கடைக்கு
முதல் தவணை நாற்பத்தெட்டு கிலோ.
தராசில் வைக்கும்போது
வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.
வேறு பக்கத்தில்
தாதர் பார்சி காலனியிலிருந்து
அன்று காலைதான் இறங்கிய மூட்டைகள்.
ஒன்றின் வாய் அவிழ்ந்திருந்தது.

டாக்சிக்காரர் டிக்கியை மூட முடியாமல்
கூடுதல் பணம் கேட்டார்.
அறுபத்தோரு கிலோ.
அதில் ஆறாம் தொகுதியும் இருந்தது ஐயா,
பதிப்புதான் வேறு, பருமன் அதிகம்.
இப்போது கட்டில் மறுபக்கம் சாய்கிறது.

சங்கத்துக்குப் பதில் எழுதினேன்:
நாற்பத்தெட்டு கிலோ அகற்றப்பட்டது.
பொய்யில்லை.
முப்பத்தோரு வருடம் கடிதம் தட்டியவளுக்கு
எந்த வரியில் நிறுத்துவதென்று தெரியும்.

காமத் அம்மாவைப் படியில் பார்த்தேன்.
விரிசல் கிழக்கே திரும்பியிருக்கிறதாம்.
படுத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறாளாம்,
தூக்கம் வரும்வரை.
படிக்க ஏதாவது தரட்டுமா என்றேன்.
கனமில்லாததாய்க் கொடு என்றாள்.

தாம்லே இன்னும் திருப்பவில்லை.
எனக்கு மராத்தி எழுத்துக்கூட்டித்தான் வரும்.
ஆனாலும் அடுத்த வெள்ளி ஃபவுண்டனில்
அந்தப் பாலத்தின் இன்னொரு பிரதி
கண்ணில் பட்டால்
விடக்கூடாது.